முழங்காலில் ஒரு கை

இப்போது நான் பார்த்தது நடைதானா? கூடத்துத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பழைய செய்தித்தாளை விரித்துப்போட்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன், பாதிக் கண் கீரையில், பாதிக் கண் இவள் மேல். பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த பொன்னி அதை விட்டுவிட்டாள். விட்டது அவளுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன், பேருந்தில் ஏதோ யோசனையில் நிற்கிறவர்கள் கம்பியை விட்டுவிடுவார்களே, அப்படி விட்டாள். தள்ளாடினாள். நான் வாயைத் திறப்பதற்குள் வலது கையைக் கீழே இறக்கி, வலது முழங்காலுக்கு மேலே அழுத்தி வைத்துக்கொண்டு, உடம்பை அந்தப் பக்கமாகச் சாய்த்து ஓர் எட்டு வைத்தாள். இடது கால் சும்மா கூட வந்தது. மறுபடி வலது, மறுபடி அந்தக் கை. அப்புறம் தொப்பென்று உட்கார்ந்து, பல் முளைத்த இடம் முளைக்காத இடம் எல்லாம் தெரிய என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் கை தட்டியிருக்க வேண்டும். எந்தத் தாயும் தட்டியிருப்பாள். என் கையில் ஒரு காம்பு இருக்கிறது, அதில் பாதி இலை உருவியாகிவிட்டது, மீதி அப்படியே நிற்கிறது. சந்தோஷம்தான், பிள்ளை நடந்தால் சந்தோஷமில்லாமல் வேறென்ன. ஆனால் அந்தக் கை. அது அவள் கை இல்லை. அது என்னுடைய கை.

வீட்டுக்குள் நான் அப்படித்தான் நடக்கிறேன். வெளியே போவதற்குக் கம்பி வைத்த பூட்ஸ் இருக்கிறது, திருச்சி வெயிலில் அதன் தோல்வார் தொடையைப் புண்ணாக்கிவிடும், வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் கழற்றிப் படுக்கையறைச் சுவரில் சாய்த்துவிடுவேன். அது இல்லாதபோது என் வலது காலுக்கு வலது கைதான் எலும்பு. அழுத்திப் பிடித்தால் முழங்கால் நிற்கும், கையை எடுத்தால் மடங்கிவிடும். இதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, சொல்லிக்கொடுக்கக் கூடியதா இது. அம்மா சொல்வாள், நீயும் நடந்த பிள்ளைதான்டி வல்லி, பிறந்தநாள் முடிஞ்ச கையோட தெருவெல்லாம் நடந்த, அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்துச்சு. நடந்த, காய்ச்சல் வந்துச்சு. நடுவில் ஒரு மூச்சுகூட விடமாட்டாள் அம்மா. கேட்டுக் கேட்டு எனக்குள் அது ஒரே சொல்லாகப் போய்விட்டது, பிள்ளை நடந்தால் அடுத்தது காய்ச்சல். பைத்தியக்காரத்தனம். இளம்பிள்ளை வாதம் ரத்தத்தில் வருவதில்லை, கிருமியால் வருவது, இவளுக்குச் சொட்டு மருந்து ஒரு தடவைகூடத் தவறாமல் கொடுத்தாயிற்று. குழந்தை டாக்டரிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்டபோது அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நீங்க படிச்சவங்கதானே இன்பவல்லி" என்றார். படித்தவள்தான். கருவூலத்தில் தட்டச்சு செய்கிறவள்தான். படித்ததெல்லாம் தலையில் இருக்கிறது, பயம் அங்கே குடியிருந்தால் அல்லவா அதோடு பேசிப் பார்க்கலாம். இவளை இழுத்து மடியில் போட்டு நெற்றியைத் தொடுகிறேன். சுடவில்லை. என் கை கீரை ஈரத்தில் சில்லென்று இருக்கிறது, சில்லிட்ட கைக்கு எது சுடும் எது சுடாது என்று தெரியுமா. புறங்கையை வைத்துப் பார்க்கிறேன். கன்னத்தை வைத்துப் பார்க்கிறேன். அவள் என் மூக்கைப் பிடித்து இழுக்கிறாள், விளையாட்டு என்று நினைத்துவிட்டாள்.

மடியிலேயே மல்லாக்கப் போட்டு இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து முழங்காலோடு முழங்கால் வைத்துப் பார்க்கிறேன். ஒரே உயரம். கெண்டைச்சதையை அமுக்கிப் பார்க்கிறேன், வலது கொஞ்சம் மெலிவோ, இல்லை, இடதுதான் மெலிவோ, கையை மாற்றிப் பிடித்தால் மெலிவும் மாறுகிறது. உள்ளங்காலைச் சுரண்டினேன். இரண்டு காலும் வெடுக்கென்று மடங்கின, கெக்கெக்கே என்று சிரிப்பு. வலிக்குதாடி தங்கம்? இங்க வலிக்குதா? "ங்கா" என்கிறாள். எல்லாவற்றுக்கும் ஒரே ங்கா. வலித்தால் அழுவாளே. எனக்கு என் கால் வலித்ததேயில்லை, அதுதானே அதன் விசேஷம். இறக்கி நாற்காலிப் பக்கம் நிறுத்தி, எங்க, அம்மாகிட்ட வா, என்கிறேன். வா என்கிறேனா, வராதே என்கிறேனா, எனக்கே பிடிபடவில்லை. ஏனென்றால் இவள் தவழ்ந்த வரைக்கும் எனக்கும் இவளுக்கும் ஒரே வேகம். கூடத்திலிருந்து அடுப்படிக்கு இவள் போய்ச் சேரும்போது நானும் போய்ச் சேர்ந்திருப்பேன். கொத்தமல்லிக் கட்டை வாயில் வைப்பதற்குள் பிடுங்கிவிடுவேன். நடந்துவிட்டால்? அடுத்தது ஓட்டம். தெருவில் பிள்ளைகளின் பின்னால் தாய்மார்கள் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன், முந்தானை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், திட்டிக்கொண்டே ஓடுவார்கள், எனக்கு அதைப் பார்த்தால் கண் கூசும். மாமியார் கோயம்புத்தூரிலிருந்து ஞாயிறுதோறும் கேட்பார், "இன்னும் நடக்கலீங்களா?" கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதில் கல்யாணப் பேச்சின்போது அவர் கேட்ட கேள்வி, பிறக்கிற பிள்ளைக்கும் இது வருமா என்று கேட்டது, முழுசாக இருக்கும். இவள் அப்பாவோ நடைவண்டி வாங்கிக்கொண்டு வந்தார், மணி கட்டியது, பொன்மலைப் பக்கத்துத் தச்சரிடம் சொல்லிச் செய்தது. அதை நான் பரண் மேல் போடச் சொன்னேன். வாசற்படியில் கவிழ்ந்துவிடும் என்று காரணம் சொன்னேன், காரணம் உண்மைதான், கவிழாத வண்டியாக இருந்தாலும் பரண் மேல்தான் போட்டிருப்பேனோ? சீ. பெற்ற பிள்ளை நடக்க வேண்டாமென்று ஒருத்தி நினைப்பாளா. நினைக்கவில்லை. இன்றைக்கு வேண்டாம் என்றுதான் நினைத்தேன். தினமும் இன்றைக்கு வேண்டாம்.

அவருக்குப் போன் செய்யலாம். சனிக்கிழமை, எனக்கு விடுமுறை, அவருக்கு வொர்க்ஷாப் உண்டு, சத்தத்தில் கேட்காது, ஒரு மூலைக்குப் போய் நின்று திரும்பக் கூப்பிடுவார். என்ன வல்லி? பொன்னி நடந்துட்டாங்க. நெசமாவா! அவர் கத்துவார், பக்கத்தில் இருக்கிறவர்களிடம் சொல்வார், மிட்டாய் வாங்கிவருவார். அப்புறம் கேட்பார், எப்படி நடந்தா? எப்படி நடந்தாள் என்று அவர் கேட்டால் நான் என்ன சொல்வது. என்னைப்போல நடந்தாள் என்று ஒரு தாய் பெருமையாகச் சொல்லக்கூடியதுதான், மூக்கு என்னைப்போல, முடி என்னைப்போல என்பதில்லையா. சொன்னால் அவர் பேச்சு நின்றுபோகும். வாய் சிரித்துக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகும். நல்ல மனுஷன், ஒரு வார்த்தை சொல்லமாட்டார், சொல்லாமல் சாயங்காலம் வந்து அவளுடைய காலை இப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்ப்பார், நான் அடுப்படியில் இருக்கும்போது. அதைவிட இப்போது பார்த்ததை நான் பார்க்கவேயில்லை என்று வைத்துக்கொண்டால். சாயங்காலம் அவர் முன்னால் புதிதாக நடக்கட்டும். வெறுங்கையோடு நடக்கட்டும். அல்லது அப்போதும் அந்தக் கை வந்தால், ஐயோ பார்த்தீங்களா என்று இரண்டு பேருமாக ஒரே நேரத்தில் பயந்துகொள்ளலாம். தனியாகப் பயப்படுவதற்கு அது தேவலை. கீரைக்காம்பு ஒன்று விரலிடுக்கில் இன்னும் இருக்கிறது. எங்கே, நாற்காலி. நாற்காலிப் பக்கத்தில் இவள் இல்லை.

வாசல். காலையில் தண்ணீர் கேன் போட வந்த ஆள் வெறும் கேனை எடுத்துக்கொண்டு போனார், கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னேன், சொன்னேனா? கதவு அகலத் திறந்து கிடக்கிறது, வெளி வெளிச்சத்தில் இவள் நிற்கிறாள், எனக்கு முதுகு காட்டி, எதையும் பிடிக்காமல். இது மாடி வீடு. கீழ் வீட்டைத்தான் கேட்டோம், வீட்டுக்காரர் தனக்கென்று வைத்துக்கொண்டார். வாசலுக்கு வெளியே சின்ன நடை, நடைக்கு அந்தப் பக்கம் மெஹர் அக்கா வீட்டுக் கதவு, இடது பக்கம் படிக்கட்டு. கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே ஒரு குழந்தை தாராளமாகப் போகும், அதற்கு வலை கட்ட வேண்டுமென்று இவள் பிறந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். "பொன்னி!" என்றேன். கூப்பிடக் கூடாதோ, கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் நிலை தவறும். திரும்பவில்லை. கை முழங்காலுக்குப் போனது, சாய்ந்து சாய்ந்து இடது பக்கமாகப் போனாள், என் நடையைப் பின்னாலிருந்து நானே பார்ப்பதுபோல இருந்தது, இப்படியா இருக்கிறேன் நான், இப்படித்தான் ஊரெல்லாம் என்னைப் பார்க்கிறதா, இதை யோசிக்கிற நேரமா இது. எழுந்தேன். அவசரத்தில் கை முழங்காலுக்குப் போகவில்லை, கதவைப் பிடிக்கப் போனது, கால் மடங்கியது, தரை வந்து மோவாயில் மோதியது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். வாயில் ரத்தத்தின் உப்பு. எழ வேண்டுமானால் சுவர் வேண்டும், சுவர் வரை போக வேண்டும், அப்புறம் நிமிர வேண்டும், கையை வைக்க வேண்டும், அதற்குள். அதற்குள் என்ன ஆகும் என்று நினைக்க மனசு மாட்டேன் என்றது. தவழ்ந்தேன்.

சின்ன வயதில் நான் தவழ்ந்துதான் பள்ளிக்கூடம் போனேன். அறுவைச் சிகிச்சை ஆகிற வரைக்கும், பூட்ஸ் வருகிற வரைக்கும், இரண்டு கையிலும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, வலது காலை இழுத்துக்கொண்டு. பூட்ஸ் போட்ட அன்றைக்கு எனக்குள் ஒரு சத்தியம் செய்துகொண்டேன், இனி செத்தாலும் ஒருவர் கண்ணெதிரே தரையில் போகமாட்டேன் என்று. கல்யாணமான இத்தனை நாளில் அவர்கூடப் பார்த்ததில்லை. குளியலறையில் விழுந்தால் உள்ளேயே இருந்து எழுந்து, நின்ற பிறகுதான் தாழ் திறப்பேன். இப்போது வெட்டவெளி நடையில், பட்டப்பகலில், நைட்டி முழங்காலில் சிக்க, சிமெண்டுத் தரை முழங்கையை உரிக்க, தவழ்ந்து போகிறேன். ஒன்று தெரிந்தது. நான் வேகம். இத்தனை வருஷம் கழித்தும் கைகளுக்கு மறக்கவில்லை, தோளும் இடுப்பும் தாமாக ஏறி இறங்குகின்றன, நடையில் ஒருநாளும் வராத வேகம் இது, இப்படி ஒரு வேகம் எனக்குள் சும்மா கிடந்ததா. பெருமைப்படுகிற இடமா இது? பட்டேன். ஒரு நொடி பட்டேன், உண்மை. அவள் மேல்படியில் நின்று ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்க்கிறாள். கீழே தண்ணீர்க்காரர் விட்டுப்போன ஈரம் படியில் பளபளக்கிறது, அது அவளுக்குப் பிடித்திருக்கிறது. ஒரு காலைத் தூக்கினாள். காற்றில் நிறுத்தி வைத்துக்கொண்டு யோசித்தாள். சட்டையின் விளிம்பு என் விரலுக்கு வந்தது. இழுத்த இழுப்பில் பின்பக்கமாக என் தலை மேல் வந்து உட்கார்ந்தாள், அழுவாள் என்று நினைத்தேன், என்னைத் தரையில் பார்த்ததும் அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அம்மா கீழே வந்துவிட்டாள். தன் உயரத்துக்கு வந்துவிட்டாள். குப்புறப் படுத்து என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து "ங்கா" என்றாள். நான் அவளை அடித்தேன், முதுகில், லேசாகத்தான். உடனே முத்தம் கொடுத்தேன். மறுபடி அடிக்கத் தோன்றியது.

மெஹர் அக்கா கதவைத் திறந்தார், தலையில் துணியைச் சரியாகப் போடாமல் ஓடிவந்தார். நான் வேலைக்குப் போகிற நாட்களில் பொன்னி அவரிடம்தான் இருக்கிறாள், அவர் பிள்ளைகள் எல்லாம் துபாயில், இவளை வைத்துக்கொள்ளக் கேட்டபோது அவர் கண் கலங்கியது. "யா அல்லா, என்ன புள்ள, விழுந்துட்டியா?" என்றார். நான் தரையில் இருக்கிறேன், அவர் பார்க்கிறார், அந்தச் சத்தியம் எங்கே போனது என்று தேடினேன், அகப்படவில்லை. "பொன்னி நடந்துட்டாக்கா" என்றேன். படியிலிருந்து பிடித்ததைச் சொல்லவில்லை, இதைத்தான் முதலில் சொன்னேன். "என்னை மாதிரி நடக்குறாக்கா. கையை முட்டில வச்சுக்கிட்டு. கால்ல ஏதோ இருக்குக்கா." சொன்னதும் அழுகை வந்துவிட்டது, அதுவரை எங்கே நின்றதோ. மெஹர் அக்கா எதிரே உட்கார்ந்தார், முட்டி வலிக்காரர், சுவரைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்து, பொன்னியின் சட்டையை இழுத்து விட்டார். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத வல்லி. புள்ள ஒரு வாரமா நடக்குது." எங்கே? "எங்க வூட்லதான். கட்டில்லேருந்து அலமாரி வரைக்கும் போவா, திரும்பி வருவா. நீ வந்ததும் சொல்லணும்னு வாசல்ல நிப்பேன். பெத்தவ பாக்குறதுக்கு முன்ன நான் பாத்துட்டேன்னு எப்புடிம்மா சொல்றது. நீயே பாத்துக்கட்டும்னு விட்டுட்டேன்." அப்ப கை? "எங்க வூட்ல கையெல்லாம் வைக்க மாட்டா. ரெண்டு கையையும் இப்புடிப் பறவை மாதிரி விரிச்சுக்கிட்டு நேராத்தான் போவா. கால்ல ஒண்ணுமில்ல, மருந்துக்குக்கூட ஒண்ணுமில்ல. உன் வூட்டுல உன்னைப் பாக்குது, செய்யுது. அவளுக்கு அங்க அதுதான் நடை."

கால்கள் நன்றாக இருக்கின்றன. முதலில் அதுதான் வந்தது, உடம்பெல்லாம் வெந்நீர் ஊற்றியதுபோல. அது வடிவதற்குள் அடுத்தது வந்தது, ஒரு வாரம், ஒரு வாரமாக இவள் நடக்கிறாள், நான் மாலையில் வந்து தூக்கிக்கொண்டு போய் என் வீட்டுத் தரையில் விட்டதும் தவழ்ந்தாள். எனக்காகவா தவழ்ந்தாள்? அம்மாவுக்குப் பிடிக்காது என்று தெரிந்தா? இவ்வளவு சின்னதற்கு அதெல்லாம் தெரியுமா? மெஹர் அக்காவின் மேல் கோபம் வந்தது, நான் பார்த்திருக்க வேண்டியதை அவர் பார்த்துவிட்டார், பார்த்ததை ஒளித்துவைத்தார். அவர் கையைப் பிடித்துக்கொள்ளவும் தோன்றியது, ஒளித்துவைத்தது எனக்காகத்தானே. செருப்பை வெளியே விட்டு உள்ளே வருவதுபோல, பிள்ளை பறவை நடையை அந்தக் கதவிலேயே விட்டுவிட்டு இந்தக் கதவுக்குள் வருகிறது. இங்கே நடப்பது என்றால் கையை முழங்காலில் வைப்பது. பல் தேய்ப்பதுபோல, சாமி கும்பிடுவதுபோல. ஊரில் இதுவரை என் நடையைப் பார்த்துச் செய்து காட்டியவர்கள் எல்லாம் கேலிக்குத்தான் செய்தார்கள், பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பே செய்திருக்கிறது. ஆசைப்பட்டுச் செய்தது இவள் ஒருத்திதான். இதற்கு நான் என்ன செய்ய வேண்டும்? அப்படி நடக்காதே என்று கையைத் தட்டிவிடவா? தட்டிவிட்டால் அது எதைத் தட்டிவிடுவது? தட்டாமல் விட்டால், நன்றாக இருக்கிற காலை நான் கெடுத்தவளாக மாட்டேனா? "பெருசானா தானா விட்டுடும் புள்ள" என்றார் மெஹர் அக்கா, நான் எதுவும் கேட்காமலே. விட்டுவிடும். விட்டுவிடத்தான் வேண்டும். அதற்கு ஏன் இவளை இப்படி இழுத்து அணைத்துக்கொள்கிறேன், எனக்குத் தெரியவில்லை, இன்று எதுவுமே எனக்குத் தெரியவில்லை.

"எந்திரி, வெயில் ஏறுது" என்று மெஹர் அக்கா சுவரைப் பிடித்து எழுந்து, என்னைத் தூக்கக் கையை நீட்டினார். மற்ற நாளாக இருந்தால் வேண்டாம்க்கா என்றிருப்பேன், யாருடைய கையையும் பிடித்து எழுந்து பழக்கமில்லை எனக்கு. பொன்னி அந்த நீட்டிய கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்து எழுந்து நின்று, கம்பியை விட்டு, கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு தன் கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எச்சிலும் மண்ணுமாக, உள்ளங்கை விரிந்து. மெஹர் அக்கா சிரித்துக்கொண்டே தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நான் அந்தச் சின்ன விரல்களைப் பிடித்தேன், பாரம் துளியும் அவள் மேல் விழாதபடி, இடது கையைச் சுவரில் கொடுத்து, நல்ல காலில் உந்தி, கொஞ்சம் கொஞ்சமாக. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு "ம்ம்ம்" என்று இழுத்தாள், முகம் சிவந்தது, காது சிவந்தது. நான் நிமிர்ந்து நின்றதும் அண்ணாந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது, உண்மையாகவே ஒரு ஆளைத் தூக்கி நிறுத்தியவளுக்கு வாங்குவதுபோல.